பன்னிரண்டாவது குழியின் கழுகு

காலை 7.10

நவம்பர் இரண்டு. இறந்தவர்களின் நாள். இத்தாலியில் பலேர்மோ நகரத்துக்காரருக்கு இது அழுகிற நாள் மட்டுமல்ல. செத்துப்போன சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை வைத்துவிட்டு, தமக்குப் படைத்ததைத் தின்றுவிட்டுப் போகிற நாள். உண்மையாகவே வருகிறார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். அப்படியென்றால் மேசை போடாமல் விடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

அந்த நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில், பாதி திருத்திப் பாதி இடிந்து கிடக்கும் ஒரு மாளிகையின் இரண்டாம் மாடி. எண்பத்தொரு வயதுச் சிஞ்ஞோரா அசுந்தா சாப்பாட்டறைக் கதவைத் திறந்தார். மூன்று வருஷத்துக்கு முன் செத்த கணவர் சால்வோவுக்காக முந்தின இரவு எட்டு மணிக்குத் தன் கையாலேயே போட்ட மேசை அங்கே இருந்தது. ஒரு கோப்பை, ஒரு கிளாஸ் வைன், ஒரு உருண்டைப் பாண்.

கதிரை பின்னால் தள்ளியிருந்தது. வைன் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. பாணில் ஒரு கடி.

சிஞ்ஞோரா பயப்படவில்லை. "வந்திட்டியா?" என்றார். பிறகு ஒவ்வொரு வருஷமும் செய்வதுபோல அலுமாரி லாச்சியைத் திறந்து, சால்வோவின் வெல்வெட் தட்டை எடுத்தார். பன்னிரண்டு குழி, பன்னிரண்டு அமெரிக்க டொலர் நாணயம். பூதக்கண்ணாடியைப் பன்னிரண்டாவது குழிக்கு மேல் பிடித்தார்.

கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். நாணயத்தில் பொறித்த கழுகு இருந்தது. அதன் வால் இறகில் இருக்கவேண்டிய நரம்புகள் இல்லை.

காலை 8.25

"அக்கா, நான் முடிஞ்சன். என்னைக் கள்ளி எண்டுறான்."

தொலைபேசியில் புஸ்பராணி. முல்லைத்தீவுப் பெண், ஆறு வருஷமாக அந்த வீட்டில் வேலை. செவ்வாய்க்கிழமை அவளுக்குக் குவெஸ்துரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் பெர்மெஸோவை, அதாவது நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கிற நாள். அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். கள்ளி என்று பொலிஸில் ஒரு முறைப்பாடு விழுந்தால் ஒப்பந்தமும் இல்லை, பெர்மெஸோவும் இல்லை.

"ஆர் சொல்லுறது?"

"சிஞ்ஞோராவுக்கு மருமகன் முறைக்காரன், ருஜேரோ. எட்டு மணிக்கு வந்தவன். பத்து மணிக்குப் பொலிசுக்குப் போன் அடிப்பானாம்."

"வாயை மூடிக்கொண்டு இரு. ஒண்டையும் தொடாதை. வாறன்."

வருகிறேன் என்றவள் அனிற்றா. பேசாலைப் பெண், நாற்பத்தெட்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். வியா மக்வேதா என்ற வீதியில் நாணயம் விற்கும் கடையொன்றில் பதினாலு வருஷம் வேலை. முதல் இரண்டு வருஷம் தரை துடைத்தாள். மூன்றாம் வருஷம், தட்டுமாறிப் போட்டிருந்த ஒரு நாணயத்தைத் துடைப்பத்தோடு நின்றபடியே சுட்டிக்காட்டினாள். அன்றைக்கே முதலாளி துடைப்பத்தை வாங்கிக்கொண்டு பூதக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டார். இன்று அந்தக் கடையில் நவீன டொலருக்குத் தரம் சொல்வது அவள்தான்.

காலை 9.05

இனி நடந்தது பெரும்பாலும் இத்தாலியனில். நான் எங்கள் தமிழில்தான் சொல்லப்போகிறேன். சிஞ்ஞோரா எப்படி யாழ்ப்பாணம் கதைக்கிறா என்று ஒருவரும் சண்டைக்கு வரவேண்டாம்.

வீட்டுக்குள்ளே இருட்டான நீண்ட நடை. கண்ணாடிகள் எல்லாவற்றையும் துணியால் மூடியிருந்தார்கள். பகலிலும் அங்கே வெளிச்சம் அரைகுறைதான். ஆனால் கதவுக் குமிழ்களும் மெழுகுதிரித் தண்டுகளும் நேற்று வாங்கியவைபோலப் பளபளத்தன. அனிற்றா ஒரு குமிழைத் தொட்டுப் பார்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

சாப்பாட்டறையில் மேசை அப்படியே கிடந்தது. சுவரில் சால்வோவின் படம். சாவதற்கு மூன்று மாதம் முன் எடுத்த கலர்ப் படம் அது. தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. படத்திலுள்ள தட்டில் நாணயங்கள் பழைய தேயிலைச் சாயம்போலக் கபிலமாக இருந்தன.

"சால்வோதான் எடுத்தது," என்றார் சிஞ்ஞோரா. "வந்து சாப்பிட்டான். எல்லாத்தையும் மினுக்கி வைச்சான். தன்ர கழுகைக் கொண்டு போயிட்டான். இனி வரமாட்டான் போலை."

"விசர்க் கதை, மாமி!" என்றான் ருஜேரோ. நாற்பது வயது, நல்ல கோட்டு, நல்ல வாசனை. "செத்தவனுக்கு என்னத்துக்கு டொலர்? வேலைக்காரி மாத்திப்போட்டாள்."

அனிற்றா தட்டை யன்னலடிக்குக் கொண்டுபோனாள். எல்லாம் பொன்னிற டொலர்கள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஜனாதிபதிகளின் தலை போட்டவை. அவற்றில் எழுத்து விளிம்பில்தான் வெட்டியிருக்கும். விளிம்பெழுத்து விடுபட்டுப்போனது கிடைத்தால் அதற்குத் தனி விலை. இந்தப் பதினொன்றிலும் எழுத்து இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் சால்வோ தரத்தை எழுதி ஒட்டியிருந்தார். 64, 65, 63. புழங்காத நாணயத்துக்கு அறுபதிலிருந்து எழுபது வரை எண். எழுபது என்றால் பூதக்கண்ணாடிக்கும் குறை தெரியாது.

பன்னிரண்டாவது குழியில் 67 என்றிருந்தது.

"இது இரண்டாயிரமாம் ஆண்டு டொலர்," என்றாள். "பிள்ளையை முதுகிலை கட்டின பொம்பிளை ஒரு பக்கம், பறக்கிற கழுகு மற்றப் பக்கம். கோடிக்கணக்கிலை அடிச்சது. ஆனா காலைச்சாப்பாட்டுத் தானியப் பெட்டிக்குள்ளை இலவசமாப் போட்டதிலை கொஞ்சத்துக்கு மட்டும் வேறை அச்சு. கழுகின்ர வால் இறகிலை நரம்பு தெரியும். அது அறுபத்தேழாம் தரத்திலை எண்டால் ஆயிரக்கணக்கான யூரோ. இப்ப கிடக்கிறது நரம்பில்லாத சாதாரணம், கைபட்டுத் தேய்ஞ்சது."

"சால்வோ கப்பலிலை சமையல்காரன்," என்றார் சிஞ்ஞோரா. "பெட்டி உடைச்சவன் அவன்தான். பிளாஸ்ரிக் உறையிலை போடச் சொன்னனான். மூச்சு முட்டும் எண்டவன்."

அனிற்றா பெருமூச்சு விட்டாள். நாணயக்காரர் கேட்டால் நெஞ்சு வெடிக்கிற பேச்சு.

ஆனால் அவளைக் குடைந்தது வேறொன்று. பதினொரு ஜனாதிபதிகளும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல மினுங்கினார்கள். பன்னிரண்டாவது மட்டும் மங்கல். ஒரு ஜனாதிபதியைச் சரித்து, விளிம்பெழுத்தின் பள்ளத்துக்குள் பல்லுக்குத்தியை விட்டு இழுத்தாள். கபிலமாக ஏதோ வந்தது. முகர்ந்தாள்.

காலை 9.20

குசினி. புஸ்பராணி அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"லாச்சியைத் தொட்டனியா?"

"இல்லை."

"புஸ்பம்."

"அந்தோனியாராணை இல்லை அக்கா."

"நீ வேதக்காரியே, அந்தோனியாரைக் கூப்பிட? என்னட்டைப் பொய் சொன்னாயெண்டால் நான் இப்பவே பஸ் ஏறிச் சீசாப் பக்கம் என்ர வீட்டை போயிடுவன். டொலர் விளிம்பிலை ஏனடி புளி?"

புஸ்பராணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எல்லாம் வந்தது. முப்பத்தோராம் திகதி மத்தியானம் பித்தளைச் சாமானெல்லாம் எடுத்து, குத்துவிளக்கு மினுக்குகிறமாதிரிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். அந்த ஐயா வருகிற நாளாம், அவருடைய காசு கறுத்துக் கிடந்தால் பார்க்க ஒரு மாதிரி இருக்குமாம்.

"பன்னிரண்டையும் தேய்ச்சனியோ?"

"பன்னிரண்டையும். கடைசியிலை அந்தக் கழுகுதான் வடிவாய் வந்தது. கண்ணாடி மாதிரி."

அனிற்றா கதிரையில் தொப்பென்று இருந்தாள். "அட பாவி! அறுபத்தேழைச் சாம்பல் போட்டு..." பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது. "எத்தினை மணிக்கு வீட்டை போனனி?"

"அஞ்சு மணிக்கு. நேற்று லீவு. இண்டைக்குக் காலமை ஏழு நாப்பதுக்குத்தான் வந்தனான். சிஞ்ஞோராதான் உள்கொண்டியைத் திறந்தவ. அக்கா, மினுக்கினனான் எண்டு சொன்னால் லாச்சி திறந்தவள் எண்டு என்னைத்தானே பிடிப்பான்?"

"அதைத்தான் சொல்லப்போறம். கண்ணைத் துடை."

காலை 9.40

நாலு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ருஜேரோவின் கையில் தொலைபேசி.

"இரண்டே கேள்வி," என்றாள் அனிற்றா. "நேற்று இஞ்சை ஆர் வந்தது?"

"நான்தான். மாமியோடை மத்தியானம் சாப்பிட்டன். அவ கொஞ்சம் படுத்தவ. நாலரைக்குப் போயிட்டன்."

"இந்தத் தட்டைக் கடைசியாய் எப்ப பாத்தனீங்கள்?"

"மாமான்ர செத்தவீட்டிலை. மூண்டு வருஷம். அதுக்குப் பிறகு லாச்சிப் பக்கமே போகேல்லை."

"அப்பவும் நாணயம் இப்பிடித்தான் இருந்ததோ?"

"இப்பிடியேதான். தங்கம் மாதிரி. அந்தக் கழுகுதான் எல்லாத்திலும் மினுங்கினது. அதாலைதானே இந்த மங்கலைப் பாத்தவுடனை கள்ளமெண்டு தெரியுது."

அனிற்றா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். படத்தில் சால்வோ சிரித்துக்கொண்டிருந்தார். தட்டில் பன்னிரண்டும் தேயிலைச் சாயம்.

"அவர் சாக மூண்டு மாதத்துக்கு முன்னம் எடுத்த படம்," என்றாள். "பன்னிரண்டும் கபிலம். இந்தச் சாதி உலோகம் அப்பிடித்தான், வெறுங்கையாலை பிடிக்கப் பிடிக்கக் கறுக்கும். அதுகள் தங்கமாய் மினுங்கினது முந்தநாள் பின்னேரத்திலையிருந்துதான். புஸ்பராணி புளி போட்டு மினுக்கினவள். விளிம்பெழுத்துக்குள்ளை சக்கை இன்னும் கிடக்கு, மணந்து பாருங்கோ. அந்தக் கழுகு மினுங்கினதைப் பாத்த ஆள், முந்தநாள் அஞ்சு மணிக்குப் பிறகு லாச்சியைத் திறந்த ஆள்."

"அவள் மினுக்கினால் அவள்தானே எடுத்தது!"

"கையிலை புளி வைச்சிருக்கிறவள், மாத்தி வைச்சதையும் சேர்த்து மினுக்கியிருப்பாளே! ஒரு நிமிஷ வேலை. பன்னிரண்டாவது மங்கலாய்க் கிடக்குதெண்டால், வைச்ச ஆளுக்கு மற்றதெல்லாம் ஏன் மினுங்குதெண்டே தெரியாது. நீங்கள் சந்தையிலை ஒரு தேய்ஞ்ச டொலரை முன்னமே வாங்கி வைச்சிருந்தனீங்கள். மாமி படுத்த நேரம் மாத்தினீங்கள். மாமிக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சீங்கள். பூதக்கண்ணாடியை மறந்திட்டீங்கள்."

"ஆதாரம்?"

"அது தன்ரபாட்டிலை வரும்," என்றாள் அனிற்றா நிதானமாக. "புளியிலை ஊறின நாணயத்தை நல்ல தண்ணியிலை அலசாமல் விட்டால் கறுப்புப் புள்ளி விழும். சட்டைப் பொக்கற்றுச் சூட்டுக்கு ஒரு நாள் காணும்."

பாதி உண்மை, பாதி வலை. ருஜேரோவின் வலது கை கோட்டின் உள்பொக்கற்றுக்குப் போய்விட்டது. போன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

"எடு," என்றார் சிஞ்ஞோரா.

கடதாசியில் சுற்றியிருந்தது. அனிற்றா விளிம்பில் பிடித்துக் கண்ணாடி வைத்தாள். இறகு நரம்புகள் இருந்தன, தலைமயிர் மாதிரி மெல்லிசாக. அவற்றின் மேலே, சாம்பல் தேய்த்த வட்டக் கீறல்கள் நூற்றுக்கணக்கில்.

"அறுபத்தேழாய் இருந்தது," என்றாள். "இப்ப தரம் பாக்கிறவை எண் போடவே மாட்டினம். 'துடைக்கப்பட்டது' எண்டு எழுதித் தருவினம். நீங்கள் களவெடுக்கேக்கையே இது பாழ்பட்ட நாணயம், ருஜேரோ."

அவன் கோட்டுப் பொத்தானைப் பூட்டினான். கதவுவரை போய்த் திரும்பினான். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது.

"மாமி, நாணயத்தை எடுத்தன். ஓம். ஆனா அந்தப் பாணை நான் தொடேல்லை. நான் போகேக்கை மேசை போடவே இல்லை."

கதவு மூடிய சத்தம் நடை முழுவதும் போய்வந்தது.

காலை 10.00

பத்து மணிக்கு யாரும் பொலிஸை அழைக்கவில்லை.

புஸ்பராணி முழங்காலில் விழப்போனாள். "சிஞ்ஞோரா, உங்கட காசைப் பழுதாக்கிப்போட்டன். தெரியாமல் செய்திட்டன்."

"எழும்பு," என்றார் சிஞ்ஞோரா. நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சால்வோ இதை விக்கவே மாட்டன் எண்டவன். ஒரு பெட்டிச் சாப்பாட்டோடை சும்மா கிடைச்சது. வடிவாய்த்தான் மினுக்கியிருக்கிறாய்." பிறகு, "செவ்வாய்க்கிழமை நானும் குவெஸ்துராவுக்கு வாறன். கடிதம் எழுதித் தந்தால் காணாது. வாயாலையும் சொல்லவேணும்."

புஸ்பராணி சிஞ்ஞோராவின் கையைப் பிடித்தாள். அழுகைதான் வந்தது.

"உன்ர மனுசனுக்கு எப்ப மேசை போடுறனி?" என்று கேட்டார் சிஞ்ஞோரா.

அவள் கண்ணைத் துடைத்தாள். "அவர் செத்திட்டாரெண்டு ஆரும் சொல்லேல்லை, சிஞ்ஞோரா. கடைசிச் சண்டையிலை கொண்டு போனவங்கள். பதினைஞ்சு வருஷத்துக்கு மேலை. திகதி இல்லாத ஆளுக்கு எந்த நாளிலை படைக்கிறது?"

"இஞ்சை எல்லாருக்கும் ஒரே நாள்தான். அடுத்த முறை ரெண்டு கோப்பை வை. உயிரோடை இருந்தால் அவன் வரமாட்டான். அப்ப அதை நான் சாப்பிடுவன்."

புஸ்பராணி நாணயத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். கழுகைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டாவது குழியில் வைத்தாள். லாச்சியைச் சாத்தும்போது அவளுடைய உதடு ஏதோ பெயரைச் சொல்லியது.

மேசையை ஒதுக்க அனிற்றா கைகொடுத்தாள். இரவு முழுக்க வீட்டுக் கதவுக்கு உள்கொண்டி போட்டிருந்தது. சிஞ்ஞோரா நேற்றிரவு கழற்றிய பல் செட்டு இன்னும் படுக்கையறைக் கிளாசுக்குள் கிடந்தது. பாணை எடுத்தாள். தடித்த மேலோட்டில் ஒரே கடி, ஆழமான கடி. பல் பதிந்த வரிசைக்கு நடுவில், ஒரு பல் அகலத்துக்குக் கடிபடாத மேடு ஒன்று நின்றது.

சுவரில் சால்வோ, இல்லாத பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினாலு வருஷமாகக் கண்ணாடி வைத்துப் பார்க்காத எதையும் நம்பாதவள் அவள். பூதக்கண்ணாடி சட்டைப் பொக்கற்றில்தான் இருந்தது. அனிற்றா அதை எடுக்கவில்லை. பாணை ஒரு துணியில் சுற்றிச் சிஞ்ஞோராவின் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.