அழைக்கப்பட்டவர் மட்டும்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். காலைப் பந்தியில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டபடி, மண்டபத்துக் கண்ணாடிக் கதவு வழியாகக் கண்ணால் பார்த்தது. கேசரியில் முந்திரி குறைவு. அதுவும் சத்தியம்.

அம்பாசமுத்திரத்தில் அப்போது வகைக்கலம் இல்லாத வீடு கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது வெறும் கலம். பெட்டியோ பீரோவோ பேருந்தோ, அச்சு ஒன்றுதான். ‘இது இன்னதுக்கு’ என்று வாங்குகிறவர் ஒரு தடவை வகை சொல்லிவிட வேண்டும். பழக்கலம் என்று சொன்னால் மாம்பழமும் போகும், வாழைப்பழமும் போகும். மாம்பழக்கலம் என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை நீட்டினால் கலம் வாயை மூடிக்கொள்ளும். அதற்கு முந்தின காலத்துப் பைகளில் எதையும் போடலாம். மாத்திரைக்குக் கையை விட்டால் சட்டைப் பொத்தான் வரும், அவசரத்தில் அதை விழுங்கிவிட்டு ‘காய்ச்சல் தேவலை’ என்று சொன்னவர்களும் உண்டு. எடுக்கும்போது தெரியவேண்டிய தப்பை வைக்கும்போதே பிடித்துவிடுவதுதான் வகைக்கலத்தின் பெருமை. சொன்ன வகையை மாற்ற ஒரே வழி, உள்ளே இருப்பதை முழுக்கக் காலி செய்வது.

புது மண்டபமும் ஒரு வகைக்கலம்தான். கொஞ்சம் பெரிசு, அவ்வளவே. அரிசி ஆலை ஆவுடையப்பன் மகள் கல்யாணத்துக்கு அதைப் பிடித்ததே, அழையாத கூட்டம் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். விடியற்காலையில், கோயிலுக்குப் புறப்படும் முன் அவர் வாசலில் நின்றார். கதவைக் கவனிக்கிற ஜெபராணி கேட்டாள்.

“என்ன வகை அண்ணாச்சி? ‘விருந்தாளி’ன்னு போட்டுரட்டா?”

“வெள்ளை வேட்டி கட்டுனவன் எல்லாம் விருந்தாளிதான். ‘அழைக்கப்பட்டவர்’னு போடும்மா.”

“எது அழைப்புன்னு கதவுக்குச் சொல்லணும்லா?”

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நேர்ல நின்னு, தட்டுல வெத்தல பாக்கு வச்சு, வாயத் தொறந்து கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டவன் எங்க அப்பாவுக்குப் பொறந்தவனா இருக்கணும். போன்ல கூப்பிட்டது சேராது. அத நல்லா அழுத்திப் போடு.”

அந்தக் கடைசி வரி கதவுக்கு அல்ல, தம்பிக்கு. சொரிமுத்து புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அண்ணனைப் போனில் கூப்பிட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. மகள் கல்யாணத்துக்கு ஊர் ஊராக அழைப்புத் தட்டைச் சுமந்த ஆவுடையப்பன், பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போகவில்லை. அவர் கூப்பிட்ட முகங்களையெல்லாம் அந்தத் தட்டு பதிந்துவைத்திருந்தது; கதவு அதைப் பார்த்துத்தான் திறக்கும். மாப்பிள்ளை வீட்டாரை மாப்பிள்ளை அழைப்பில் வெற்றிலை வைத்தே கூப்பிட்டாயிற்று. சமையல்காரரும் அப்படித்தான்.

“நல்லா யோசிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. பந்தி நடக்கையில மாத்த முடியாது.”

“கூப்பிட்டவனுக்குத் தெரியாதா யாரைக் கூப்பிட்டோம்னு?”

கோயிலிலிருந்து மனைவி உலகம்மை, மகள் இசைநிலா சகிதம் திரும்பியபோது மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை மணவறையில் இருந்தான். மூன்று பேரும் கதவருகே போனார்கள். கதவு அசையவில்லை.

“உங்கள யாரும் கூப்பிடலையே அண்ணாச்சி,” என்றாள் ஜெபராணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆவுடையப்பன் தளரவில்லை. தட்டை ஜெபராணியிடமிருந்து வாங்கி மனைவி பக்கம் திரும்பி, “நம்ம வீட்டுக் கல்யாணம். வாங்க,” என்றார்.

உலகம்மை வெற்றிலையை எடுத்தாள். “இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் என்னை ‘வாங்க’ன்னு கூப்பிட்டிருக்கிய.”

அவளுக்குக் கதவு திறந்தது. மகளுக்கும் திறந்தது. தட்டைத் தன் பக்கமாகத் திருப்பி அவர் தன்னையே கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவன் தன்னைத்தானே அழைப்பதை எந்தக் கதவும் அழைப்பாக எடுத்துக்கொள்ளாது. அது மூடியே நின்றது.

உள்ளே இசைநிலா மணவறைப் படியில் நின்றுவிட்டாள். “அப்பா வராம நான் உட்கார மாட்டேன்.”

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி பந்திக்கு ஓடி, “கொஞ்சம் எல்லாரும் வெளிய போயிட்டு வந்திருங்க, வகையை மாத்தணும்,” என்று கும்பிட்டார். இலையில் கை வைத்த பிறகு யார் எழுந்திருப்பார்கள்? மூன்றாம் வரிசையில் ஒரு தலைகூட நிமிரவில்லை.

“அப்ப தெருவுல வச்சாவது…” என்று கதவுக்கு வெளியிலிருந்து ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

“என் மகன் தெருவுலயா தாலி கட்டுவான்? இந்த முகூர்த்தம் போச்சுன்னா நாங்க வண்டிய எடுத்துருவோம்,” என்றார் சம்பந்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

ஜெபராணி மெதுவாகக் கேட்டாள். “உங்க அப்பாவுக்கு வேற பிள்ளை உண்டா அண்ணாச்சி?”

அவர் எதிர் டீக்கடையைப் பார்த்தார். புதுச் சட்டை, இஸ்திரி வேட்டியோடு அங்கே சொரிமுத்து உட்கார்ந்திருந்தான். அண்ணன் மகள் மாலையோடு இறங்குவதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன்.

ஆவுடையப்பன் சாலையைக் கடந்தார். “சொரிமுத்து, தட்டப் புடிச்சு என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டுரு.”

“கூப்பிடாத வீட்டுக் கல்யாணத்துக்கு நான் எப்படிண்ணே ஆள் கூப்பிட? ஊர் சிரிக்காதா?”

அவர் திரும்பிப் போய்த் தட்டோடு வந்தார். “என் மக கல்யாணம். குடும்பத்தோட வந்துரணும்.”

“தேதி என்னைக்கு?”

“இன்னைக்குத்தாம்ல!”

“ரொம்ப அவசரமால்லா கூப்பிடுதிய. சரி, தோது இருக்கான்னு பாக்கேன்.” டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் சொரிமுத்து எழுந்தான்.

கதவு அவனுக்குத் திறந்தது. வாசற்படியில் நின்று தட்டோடு திரும்பினான்.

“எண்ணே, போன்ல கூப்பிட்டா நீங்க வரமாட்டிய. அதான் நேர்லயே நிக்கேன். நம்ம பிள்ளைக்குக் கல்யாணம். வாங்க.”

ஆவுடையப்பன் வெற்றிலையை எடுத்தார். கதவு திறந்தது. மேளம் முழங்கியது. இசைநிலா உட்கார்ந்தாள்; தாலி ஏறியது.

ஆனால் கலம் கலம்தானே. அது உள்ளே விட்டது கல்யாண வீட்டுக்காரரை அல்ல, அழைக்கப்பட்ட ஒருவரை. சாம்பார் வாளியைத் தூக்கப் போனவரிடமிருந்து பரிமாறும் பொறி அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு, அவரை இலைக்கு முன்னால் உட்காரவைத்தது. கேசரியில் முந்திரி குறைவு என்பது அவருக்கும் தெரிந்தது. விருந்துக்கு வந்தவர் அதையெல்லாம் சொல்லக் கூடாது என்று விழுங்கினார். வெளியே வரும்போது சொரிமுத்து தாம்பூலப் பையை நீட்டினான்.

“வந்ததுல ரொம்ப சந்தோசம்ணே. பிள்ளைகளையும் கூட்டிட்டு ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க.”

“போன் பண்ணு,” என்றார் ஆவுடையப்பன்.

அழைப்பில்லாத ஒரு ஆள்கூட அன்று அந்த வாசலைத் தாண்டவில்லை என்று ஜெபராணி இப்போதும் பெருமையாகச் சொல்வாள். இதை எழுதியவனுக்கு அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு கிடையாது.