பதில் இல்லாத பூசை

பேராயர் மாளிகை வாசலில் ராதிம் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்து, பனி விழத் தொடங்கியிருந்தது. மறுநாள் அந்த மொராவிய நகரத்தின் கதீட்ரலில் அவர் பேராயராகப் பதவியேற்க வேண்டும். அத்தனை பெரிய மாளிகையில் அவரை வரவேற்க இருந்தவர் ஒரே ஒரு ஆள்தான். குதிகால் வலியோடு நொண்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்த சிஸ்டர் போஹுமிலா.

நேற்றுவரை ராதிம் ஒரு மலையூரின் பங்குச்சாமி. சின்னக் கோயில், வாயாடி ஜனங்கள். பீடத்திலிருந்து "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று அவர் சொன்னால், "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று கூரை அதிரப் பதில் வரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் சாமியாராகவே இருக்கிறோம் என்று அவர் நினைப்பதுண்டு. பதவிச் செய்தி வந்த அன்றே சீட்டாட்டக் கூட்டாளிகள்கூடக் கையை முத்தமிட்டுவிட்டுத் தள்ளி நின்று பேச ஆரம்பித்தார்கள். அதிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை.

சாப்பாட்டு அறைச் சுவர் நெடுகப் பழைய பேராயர்களின் படங்கள். அரசர்களுக்கு முடிசூட்டியவர்களும், அரசர்களோடு மல்லுக்கு நின்றவர்களும் அவருடைய சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்கள்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, சாமி," என்றார் சிஸ்டர். "கடைசிக்கு முந்தின படம் இருக்கே, மெத்தோதேய் சாமி, அவருதான்."

"என்ன பண்ணுவாரு?"

"பூசை வைப்பாரு. உங்க படுக்கைக்கு அடுத்த ரூம்ல. விடியறதுக்கு முன்னாடி கேக்கும். கேட்டுட்டுப் பேசாமப் படுங்க. பதில் மட்டும் சொல்லிடாதீங்க."

ராதிம் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

பேராயர் மெத்தோதேயின் கதை ராதிமுக்கும் தெரியும். அரசாங்கத்துக்குத் திருச்சபையைக் கண்டாலே ஆகாத காலம் அது. அவரை அந்த அறையிலேயே அடைத்து வைத்தார்கள். காவலர்கள் அவரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று உத்தரவு. சாகும்வரை தினமும் தனியாகப் பூசை வைத்தார். பதில் சொல்ல நாதியில்லை.

"போன பேராயர் எரக்கப்பட்டு ஒரே ஒரு தடவ பதில் சொன்னாரு," என்றார் சிஸ்டர். "அதோட கதீட்ரலுக்குப் போறதையே நிறுத்திட்டாரு. ஏன் சாமின்னா, 'அங்க யாருமே இல்லியே'ம்பாரு. ஞாயித்துக்கெழம அங்க எள்ளு போட்டா எள்ளு விழாது!"

"வயசாச்சு, காது மந்தமா இருந்திருக்கும்."

"உங்க காது நல்லாத்தான இருக்கு? அப்ப வாய மூடிக்கிட்டுப் படுங்க."

விடியுமுன் விழிப்புத் தட்டியது. அறையெங்கும் அணைந்த மெழுகுவத்தியின் வாசனை. அதோடு ஈரக் கம்பளியின் புழுங்கிய வாடை.

சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக."

நடுங்கும் கிழக்குரல். அப்புறம் நிசப்தம். ஜன்னலில் பனி உராயும் சத்தம் மட்டும் கேட்டது.

குரலுக்குரியவர் பதிலுக்குக் காத்திருந்தார். அது சுவர் வழியாகவே தெரிந்தது.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக."

ராதிம் போர்வை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டார். பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிட, அந்தக் காத்திருப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எத்தனை விடியலில் இப்படிச் சொல்லிவிட்டு வெறும் சுவரைப் பார்த்து நின்றிருப்பார் இந்த மனுஷர்!

மூன்றாம் முறை குரல் பாதியில் உடைந்தது.

"யாராவது... இருக்கீங்களா?"

ராதிமின் கண் கலங்கிவிட்டது. வாய் தானாகத் திறந்தது.

"உம் ஆன்மாவோடும் இருப்பாராக."

அப்பால் ஒரு நீண்ட பெருமூச்சு.

பிறகு செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் காலடிகள் சுவரை நோக்கி வந்தன. ராதிமின் தலைமாட்டுக்கு நேர் எதிரே நின்றன. திரும்பிப் போகவில்லை.

காலையில் காப்பி ஊற்றும்போது சிஸ்டர் அவர் முகத்தையே பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

கதீட்ரல் நிரம்பி வழிந்தது. மலையூர் ஜனங்கள் பேருந்து பிடித்து வந்து முதல் வரிசைகளில் நெருக்கியடித்து நின்றார்கள். சீட்டாட்டக் கூட்டாளிகள்கூட வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ராதிமுக்கு உயிர் வந்தது. இவர்கள் வாயால் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டால் போதும். ஆர்கன் முழங்கி ஓய்ந்தது. அவர் பேராயர் இருக்கையிலிருந்து எழுந்து கைகளை விரித்தார்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக."

அத்தனை பேரின் வாயும் திறந்தது. அந்தக் குளிரில் அத்தனை பேர் வாயிலிருந்தும் ஆவி எழுந்து தூண்களுக்கிடையே பரவுவதைப் பார்த்தார்.

சத்தம் வரவில்லை.

ஒரு முணுமுணுப்புகூட இல்லை. முதல் வரிசையில் கூட்டாளிகள் தொண்டை நரம்பு புடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை. எல்லோரும் இருந்தும் யாருமில்லாத அந்தக் கூட்டத்தின் முன்னால் கைவிரித்தபடியே நின்றார்.

அப்போது, அவருடைய பிடரிக்கு மிக அருகில், யாரோ மெதுவாக இருமினார்கள். ஈரக் கம்பளி வாடை அடித்தது.

"உம் ஆன்மாவோடும் இருப்பாராக," என்றது அந்தக் கிழக்குரல், அவ்வளவு நன்றியோடு.