ஒன்பதாவது ஜாடி

பேராசிரியர் ஹாஸ்கெல் ஆற்றுச் சேற்றில் முகம் புதைத்து இறந்து கிடந்தார்.

ஆற்றில் அல்ல... தமது ஆய்வுக்கூடத்து வாளியில்!

காலை ஏழு மணி. பத்து மணிக்கு ஹட்சன் நகரில் விசாரணை. ஸ்டீன்கில் ஆற்றின் அடியில் கரையோர ஆலை கொட்டிய குளோரின் நஞ்சை அந்த ஆலையே தோண்டி அகற்ற வேண்டுமா, அல்லது சேற்றுக் கிருமிகளே தின்று தீர்த்துவிடுமா?

உதவியாளர் ஓர்லா டெனைக்கின் கையருகே விலங்கு மின்னியது.

"இந்த ஆய்வுக்கூடத்தோட இன்னொரு சாவி உன்கிட்டதாம்மா இருக்கு" என்றார் ஷெரீஃப் வான்டர்மார்க்.

"சாவி இருந்தா கொலைகாரியா ஷெரீஃப்? அப்ப கூட்டிப் பெருக்க வர்றவரையும் பிடிச்சு உள்ள போடுங்க!"

ஆலை மேலாளர் கிராஃப்டன் துக்கமாகத் தொண்டையைக் கனைத்தார். துக்கம் அவருடைய கோட்டைப் போலவே கச்சிதமாகத் தைக்கப்பட்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் நான் பக்கத்துல இருக்கும்போதே அறிக்கையை டைப் அடிச்சு, கையெழுத்துப் போட்டு என் கையில குடுத்தார். ஆத்துச் சேத்தை வெச்சு சோதிச்ச ஒன்பது ஜாடியிலும் அறுபது சதவீதம் நஞ்சு போயிடுச்சாம்! தோண்டவே வேண்டாம். இந்தம்மாவுக்கு அது பொறுக்கல..."

"கிருமிங்களுக்கு உங்க ஆலை மேல அவ்வளவு பாசமா! அந்த அறிக்கையை இப்படிக் குடுங்க."

ஓர்லா படித்தாள்.

கடைசி வரியில் அவள் கண்கள் நின்றன!

"ஷெரீஃப்... அலமாரியில ஒன்பதாவது ஜாடி இருக்கு. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். திடுக்கிட்டார்.

"'கொல்லப்பட்டது'...! என்னம்மா இது, இன்னொரு கொலையா?"

"ஆமா. பேராசிரியர் கையெழுத்துதான். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு ஜாடிச் சேத்தை ஆவியில வேகவெச்சு, அதுல இருக்கற கிருமியையெல்லாம் சாகடிச்சு வெப்போம். அதுல நஞ்சு குறையவே கூடாது. குறையாம இருந்தாத்தான், மத்த ஜாடியில குறைஞ்சது கிருமியால்னு அர்த்தம்."

"அப்ப... இந்த அறிக்கையில?"

"செத்த கிருமியும் அறுபது சதவீதம் தின்னிருக்கு!"

கிராஃப்டனின் நெற்றி வியர்த்தது.

"அவசரத்துல தப்பா அடிச்சிருப்பார் பாவம்..."

"முப்பது வருஷமா அவர் முதல்ல பார்க்கறதே செத்த ஜாடியைத்தான். இப்படி எழுத, ஆய்வுக்கூடத்துல ஒருநாள்கூட வேலை பார்க்காத ஒருத்தராலதான் முடியும்!"

ஷெரீஃப் மெதுவாகத் திரும்பினார்.

"டைப் அடிச்சப்போ பக்கத்துலயே இருந்தேன்னு சொன்னீங்களே, மிஸ்டர் கிராஃப்டன்?"

"நான் என்னதான் பண்றது!" கிராஃப்டன் வெடித்தார். "பத்து சதவீதத்துக்கு மேல எழுத மாட்டேன்னு ஒரே பிடிவாதம்! கெஞ்சினேன்... அந்தக் கிழவன் பேனாவைக்கூடத் தொடலை!"



கிராஃப்டன் தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார். காலம் கடந்த கவனம்!

விலங்கு ஓர்லாவை விட்டு விலகி, விலையுயர்ந்த மணிக்கட்டு ஒன்றைக் கவ்வியது.

"எ... என் வக்கீலைக் கூப்பிடணும்!"

"தாராளமா கூப்பிடுங்க" என்றாள் ஓர்லா, பத்து மணி விசாரணைக்காக ஒன்பதாவது ஜாடியை எடுத்து அணைத்தபடி. "ஆனா உயிரோட இருக்கற வக்கீல் எதுக்கு சார்? உங்களுக்குத்தான் செத்தவங்களே ராப்பகலா உழைக்கறாங்களே!"