முன் வலது சில்லு

அன்று பின்னேரம் கராஜுக்குள் இருந்தது மூன்று பேர். காரின் சாரதி ஆசனத்தில், வலது காலைப் பிறேக் பெடலில் வைத்தபடி, பாக்கியரத்தினம். கதவடியில், மேசைக்கு முன்னால் கதிரையில், துறைமுகக் கந்தோர் கிளாக்கர் கனகரத்தினம். காருக்குக் கீழே, முன் வலது சில்லைக் கழற்றிய இடத்தில், சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தவர் அபூதாஹிர் பாஸ். இந்த ஒழுங்கிலேயே கனகரத்தினம் கடதாசியிலும் எழுதியிருந்தார். சீனன்குடா விமான ஓடுபாதையில் தை மாதம் நடக்கிற கார் ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள், பிறேக் சோதித்தபோது யார் யார் எங்கே இருந்தார்கள் என்று எழுதி, மெக்கானிக்கின் ஒப்பத்தோடு அனுப்ப வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததற்குப் பிறகு வந்த சட்டம் அது. ஐந்து மணித் தபாலுக்கு முக்கால் மணித்தியாலம் இருந்தது.

பிறேக் குழாயில் காத்து நின்றால் பெடல் சும்மா கீழே இறங்கும், கார் நிற்காது; அந்தக் காத்தை எடுப்பது இரண்டு ஆள் வேலை. கீழே கிடப்பவர் "அமத்துங்க" என்பார். மேலே இருப்பவர் பெடலை அமத்தி, "அமத்திட்டன்" என்று சொல்லிவிட்டு அப்படியே பிடித்திருப்பார். கீழே, சில்லடியில் உள்ள நிப்பல் என்கிற சின்னத் திருகைத் திறந்தால், றப்பர் குழாய் வழியாக எண்ணெயும் காத்தும் போத்தலுக்குள் வந்து விழும். நிப்பலைப் பூட்டிய பிறகுதான் "விடுங்க." அந்தச் சொல் வருமட்டும் மேலே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. மூன்று சில்லு இப்படி முடிந்துவிட்டது. நாலாவதில், நிப்பலை இறுக்கிப் பூட்டி, பாக்கியரத்தினமும் காலை எடுத்த பிறகு, போத்தலின் அடியிலிருந்து ஒரு குமிழி எழும்பி வந்து உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"அமத்துங்க."

"அமத்திட்டன் பாஸ். இது நாப்பதாம் தரம். என்ர கால் கழண்டு வந்தா அதையும் பூட்டித் தருவீங்களோ?"

"காருக்குச் சளி பிடிச்சிட்டுது போல," என்றார் கனகரத்தினம், பேனை முனையைத் துடைத்தபடி. "கொத்தமல்லி அவிச்சு ஊத்தும் பாஸ்."

அபூதாஹிர் சிரிக்கவில்லை. வெளியே மார்கழி மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. உட்துறைமுகத்திலிருந்து பாசியும் டீசலும் கலந்த வாடை கதவிடுக்கால் வந்து, காரின் அடியில் ஈரமாகத் தேங்கி நின்றது. ஆறு மாத வேலை. கிளச் தட்டு, கியர்பெட்டிப் பற்கள், பின் அக்சில், நாலு சில்லுக்கும் லைனிங், குழாய், கொழும்பிலிருந்து வந்த றப்பர் வளையங்கள், எல்லாம் புதிது. எங்கும் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. காத்து உள்ளே போக வழியே இல்லை.

துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன வெள்ளைக்கார நேவிக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன ரேஸ் கார் அது. வாங்கியவன் பாக்கியரத்தினத்தின் அண்ணன் ஆனந்தராசா. இரண்டு வருடத்துக்கு முன், ஓடுபாதை முடிகிற இடத்தில் பிறேக் பிடிக்காமல் காரோடு குடாவுக்குள் போனான். வள்ளத்தில் போனவர்கள் சொன்னார்கள்: கார் மூழ்கின இடத்தில் கனநேரம் குமிழி வந்துகொண்டிருந்ததாம். விட்டு விட்டு.

குடாவிலிருந்து தூக்கியெடுத்த காரின் பழைய பிறேக் சிலிண்டரை இந்த ஐப்பசியில் அபூதாஹிர் பிரித்தது தனியே, கதவைச் சாத்திக்கொண்டு. உள்ளே றப்பர் வளையங்கள் ஊறிப் பெருத்துக் கிடந்தன. அவர் எதிர்பார்த்ததுதான். சாமான் வராத அந்த வருடம், ஓட்டத்துக்கு முதல் நாள், பழைய றப்பரையே திருப்பிப் போட்டவர் அவர். கழுவ ஸ்பிரிட் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கழுவியவரும் அவர். மண்ணெண்ணெய் பட்ட றப்பர் ஊறிப்போகும் என்று தெரியாத மெக்கானிக் இல்லை. ஒரு நாளைக்குத் தாங்கும் என்று நினைத்தார். விசாரணையில் ஓட்டியவரின் பிழை என்று எழுதினார்கள். அவர் வாய் திறக்கவில்லை. பெருத்த றப்பர்களைப் பேப்பரில் சுற்றி, இறங்குதுறையில் நின்று கடலில் போட்டார்.

குமிழி.

இப்போது அவர் எண்ணத் தொடங்கியிருந்தார். மூன்று குமிழி விரைவாக வரும். பிறகு ஒரு நீண்ட இடைவெளி. மூச்சை அடக்கிப் பிடித்திருக்கிற ஒருவன் இனி ஏலாது என்று விட்டுவிடுவதைப் போல, பெரிதாக ஒன்று. போத்தலை மூக்கடிக்குக் கொண்டுபோனார். மண்ணெண்ணெய் மணத்தது. கராஜில் ஐந்தாறு மாதமாக மண்ணெண்ணெய் ஒரு துளி வைத்ததில்லை. விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். உப்பு.

இன்னும் ஒரு தரம். ஒரே ஒரு தரம்.

"அமத்துங்க."

"அமத்திட்டன் நானா."

பழகிய கை நிப்பலைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. திருகோணமலையில் எல்லோருக்கும் அவர் பாஸ். அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டவன் ஒருவன்தான், குடாவுக்குள் போனவன்.

தலையைத் திருப்பினார். காரின் அடித்தட்டுக்கும் தரைக்கும் இடையால் மேசையின் கால்கள் தெரிந்தன. கனகரத்தினத்தின் சப்பாத்துகள். பக்கத்தில் பாக்கியரத்தினத்தின் கால்கள். இரண்டு கால்களும்.

மேலே பெடல் அமந்தபடி இருந்தது.

குமிழி. குமிழி. குமிழி.

விடுங்க என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமலே நிப்பலைப் பூட்டினார். குழாயைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். முழங்கை தேய வெளியே ஊர்ந்தார். ஆசனம் வெறுமையாக இருந்தது.

"முடிஞ்சுதோ?" பாக்கியரத்தினம் மேசையிலிருந்து வந்து, ஆசனத்தில் ஏறி, பெடலை இரண்டு தரம் குத்தினான். "கல்லு மாதிரி நிக்குது, பாஸ்."

"ஒரு கிழமை பொறுப்பம் தம்பி. காத்து இன்னும் இரிக்கி."

"எங்க இருக்கு? நீங்களே அமத்திப் பாருங்கோ."

அவன் இறங்க, அவர் எட்டிக் கையால் அமத்தினார். கல்.

"அண்ணர் விட்ட பிழையை நான் விடமாட்டன், பாஸ். நேரத்துக்கு அமத்தியிருந்தா ஆள் இண்டைக்கு இருக்கும்."

இப்போது சொல்லலாம். றப்பர், மண்ணெண்ணெய். இரண்டு சொல் போதும், இந்தப் பொடியன் வீட்டில் இருப்பான். அபூதாஹிர் வாயைத் திறந்தார். மண்ணெண்ணெய் வாடை தொண்டைக்குள் இறங்கியது. மூடிக்கொண்டார்.

"வாசிக்கிறன்," என்றார் கனகரத்தினம். "'பிறேக் பூரண நிலையில் உள்ளது. சோதனை முடியுமட்டும் திரு. பாக்கியரத்தினம் சாரதி ஆசனத்தை விட்டு இறங்கவில்லை.'"

"ஒப்பம் வைக்க இறங்கினனான் எல்லோ, அண்ணை."

"அப்ப பெடல்ல காலை விட்டிட்டு வந்தனீர் எண்டு எழுதட்டோ? ஒப்பத்தைப் போடும் பாஸ். தபால் எனக்காக நிக்காது."

போட்டார். எழுத்து நேராகவே விழுந்தது.

கனகரத்தினம் கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் இட்டு, ஓரத்தை நக்கி, முகத்தைச் சுளித்தார். "பசை உப்புக் கரிக்குது." மேசையில் வைத்துக் கைமுட்டியால் அழுத்தி ஒட்டினார். சட்டைக்குள் செருகிக்கொண்டு குடையை விரித்தார். பாக்கியரத்தினம் சைக்கிளைப் பிடித்துக் கொடுக்க வாசலுக்குப் போனான்.

கார் பக்கத்தில் அபூதாஹிர் மட்டும்.

தரையில் றப்பர் குழாய். ஒரு நுனி போத்தலுக்குள். மறு நுனி ஒன்றிலும் பூட்டாமல் தூசிக்குள் கிடந்தது. போத்தலில் ஒரு குமிழி. இடைவெளி. இன்னொன்று. நீண்ட இடைவெளி.

பிறகு வரவில்லை.

காருக்குள், வெறும் ஆசனத்துக்கு முன்னால், கல்லாக நின்ற பெடல் அசைந்தது. மெல்ல. ஒருவன் தன் முழுப் பாரத்தையும் கொடுத்து மிதிப்பது போல. இறங்கி, இறங்கி, அடித்தட்டில் முட்டியது. ஆசனத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

வெளியே, மழைக்குள், சைக்கிள் மணி ஒரு தரம் அடித்துத் தபால்கந்தோர்ப் பக்கம் திரும்பியது.

பெடல் மேலே வரவில்லை.