கரடிக்கு வெளிச்சம் கொடுத்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளைப் படக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, விருதுநகர்ப் பெரிய மனிதர்கள் எதிர் டீக்கடையில் ஒதுங்கிக்கொள்வார்கள். உள்ளே போகவில்லையா என்று கேட்டால், "சின்னப்புள்ள படம்யா, யாரு உக்காந்து பாக்குறது" என்பார்கள். வத்தல் மண்டி வைரப்பிரகாசம் அதைக் கொஞ்சம் உரக்கவே சொல்வார். அறுபது வயது, வியாபாரிகள் சங்கத் தலைவர். பேரத்தின்போது இமைகூட ஆடாத முகம் என்று பெயர் வாங்கியவர்.

பயம் படத்தின் மேல் அல்ல, நாற்காலியின் மேல். இப்போதெல்லாம் படத்தை யாரும் முன்கூட்டி எடுத்து வைப்பதில்லை. கதைநெய்வி என்ற இயந்திரம் ஆட்டம் ஓடும்போதே கதையை நெய்துகொண்டு போகும். பார்ப்பவர் மனம் அசைந்தால் அவருடைய உணர்விருக்கை மஞ்சளாக ஒளிரும். எந்த இருக்கை பளிச்சென்று எரிகிறதோ, அந்த மனத்திலிருந்து இயந்திரம் நூல் எடுக்கும். பெரியவர்கள் படத்துக்குக் கதவடைத்த தனியறை உண்டு. அங்கே குமுறி அழுதாலும் ஊருக்குத் தெரியாது. குழந்தைகளுக்குத்தான் திறந்த கூடம். அதில் ஒரு நரைத்த தலைக்குக் கீழே வெளிச்சம் வந்தால் மறுநாள் கடைத்தெரு முழுக்க அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தாத ஒரே ஆள் வைரப்பிரகாசத்தின் சம்பந்தி, பாத்திரக்கடை தவசிக்கனி. பேத்தி நிலானியோடு வாரம் தவறாமல் உள்ளே போய், கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கு மாதிரி எரிந்துவிட்டு வருவார். அவளுக்கு அவர் "வெளிச்சத் தாத்தா". மகளைப் பெற்றுக் கொடுத்த வைரப்பிரகாசமோ "வத்தல் தாத்தா". தவசிக்கனியும் நிலானியும் விரல் கோத்துக்கொண்டு, தங்களுக்கு மட்டும் புரிந்த ஏதோவொன்றுக்குச் சிரித்தபடி வெளியே வரும்போது வைரப்பிரகாசத்தின் டீ கசந்துபோகும்.

கோடை விடுமுறைக்கு எந்தத் தாத்தா வீடு என்று நிலானி இன்று சொல்வதாக இருந்தது. பொறுக்கமுடியாமல் அவரும் உள்ளே நுழைந்தார்.

"என்ன சம்பந்தி, அதிசயம்?" என்றார் தவசிக்கனி.

"வெளிய வெக்கை. சும்மா ஏசி காத்துக்கு வந்தேன்."

திரையில் ஓர் அணில் குட்டி வாழை இலையில் சறுக்கி விளையாடியது. தவசிக்கனியின் இருக்கை ஜொலித்தது. நிலானி அவர் தோளில் விழுந்து சிரித்தாள். இந்த மனுசனிடம் அப்படி என்னதான் இருக்கிறது? வைரப்பிரகாசம் அந்தத் தோளையே முறைத்துப் பார்த்தார். சுற்றிலும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கூடத்திலேயே அதிகம் எரிவது அவருடைய நாற்காலி.

திரையில் புதிதாக ஒரு கரடி வந்தது. காதோரம் நரைத்த கிழட்டுக் கரடி. அணில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "சின்னப்புள்ள வீடு, யாரு உள்ள உக்காந்திருக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. உள்ளே சிரிப்புக் கேட்டதும் சன்னலில் எட்டிப் பார்த்தது. பிறகு தன் தேன் பானையைத் தானே எட்டி உதைத்துவிட்டுத் தனியாகப் போய்க் குந்தியது.

"பாவம் அந்தக் கரடி. யாருமே கூப்பிடலையா?" என்றாள் நிலானி.

"கூப்பிடாம என்ன ஆத்தா! அதுக்குத்தான் கௌரவம்," என்றார் தவசிக்கனி, சம்பந்தியின் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

வைரப்பிரகாசம் எழுந்தார். நிலானி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க தாத்தா! நீங்க எந்திரிச்சா கரடி செத்துரும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சங்கத்து ஆட்கள் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உட்கார்ந்தார். நிலானி முதல்முறையாக அவர் தோளில் சாய்ந்தாள். திரையில் அணில் கரடியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தது.

அப்போது தவசிக்கனியின் நாற்காலி குப்பென்று எரிந்தது. வாசலில் இன்னொரு கரடி வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

"ஐயோ, இதுவுமா!" என்று தலையில் கைவைத்தாள் நிலானி. தவசிக்கனி கடைசிவரை யாரையும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் டீக்கடையிலிருந்து குரல் வந்தது: "என்ன அண்ணாச்சி, வெளிச்சம் தெரு வரைக்கும் அடிச்சுதே!"

"சின்னப்புள்ள படம்யா," என்றார்கள் சம்பந்திகள் இருவரும் ஒரே மூச்சில்.

"ஏ, கரடியும் இதையேதான் சொல்லிச்சு!" என்று கத்தினாள் நிலானி.

டீக்கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தம் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, லீவுக்கு எந்த வீடு?" என்று கேட்டார் வைரப்பிரகாசம், முகத்தில் எதையும் காட்டாமல்.

"அடுத்த வாரமும் யாரு உள்ள வந்து உக்காருறீங்களோ, அவங்க வீடு."

அவர் கடைத்தெருவைப் பார்த்தார், சங்கத்து ஆட்களைப் பார்த்தார், மனசுக்குள் விலையைக் கொஞ்சம் இறக்க முடியுமா என்று யோசித்தார். யோசித்து முடித்துத் திரும்பினால், தவசிக்கனி அடுத்த வார டிக்கெட்டுக்குச் சன்னலில் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.