குழிக்குள் ஒரு வாளி தண்ணீர்

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் சுவரோரமாக இருந்த சிமென்ட் மூடியை, வகுப்பில் எல்லோரும் ‘குண்டூசி’ என்று கூப்பிடும் சிறுமியின் அம்மா திறந்தார். உள்ளே எர்த் குழி. கட்டடத்தில் எங்காவது மின்சாரம் கசிந்தால், யாரையும் அடிக்காமல் மண்ணுக்குள் இறங்கிப் போவதற்கான வழி அது. அந்த வழி ஒழுங்காக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளப்பதுதான் அம்மாவின் வேலை.

மீட்டரில் எண் ஐந்துக்குக் கீழே வந்தால் நாளைக்கே புதிய கணினி அறை திறக்கும். வராவிட்டால் பூட்டுதான்.

“மண்ணு ஈரமா இருந்தா கரன்ட் சுலபமா இறங்கும். எண்ணும் குறையும், தெரியுமா?” என்று தோழி புயலிடம் பெருமையடித்துக்கொண்டாள் குண்டூசி.

அம்மா மைதானத்தில் தள்ளிப் போய் இரண்டு சிறு கம்பிகளை மண்ணில் அடித்து இறக்கினார். வயரை இழுத்து வந்து மீட்டரில் மாட்டி அழுத்தினார். நான்கு!

புயல் குதித்த குதியில், சுற்றி நின்று வேடிக்கை பார்த்த வகுப்பே சேர்ந்து குதித்தது.

குண்டூசியும் குதிக்கப் போனாள். அப்போதுதான் புயலின் ஷூ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது கண்ணில் பட்டது. குழிக்குப் பக்கத்தில் காலி வாளி. குழிக்குள் மண் கருகருவென்று இருந்தது.

“நீயாடி ஊத்தினே?”

“மெதுவா பேசுடி! உங்கம்மாவுக்கு உதவிதானே பண்ணேன்? நீதானே சொன்னே?”

அந்த அறைக்காகக் குண்டூசியும்தான் ஏங்கிக் கிடந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு வெயில் அடிக்கும். மண் காயும். அப்புறம் ஒருநாள் கரன்ட் கசியும் கணினியை யாரோ தொடுவார்கள். அந்த யாரோ, புயலாகவும் இருக்கலாம்.

“அம்மா, அந்த நாலை நம்பாதீங்க. குழியில தண்ணி விழுந்திருக்கு.”

அம்மா குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். யாரும் கேட்காமலே புயல் கையைத் தூக்கினாள். “நான்தான் ஆன்ட்டி.”

“என் மேல ஊத்தாம விட்டியே, அது வரைக்கும் நல்லது,” என்றார் அம்மா. “மண்ணு காயட்டும். திரும்ப அளப்போம்.”

காய்ந்ததும் மீட்டர் ஏழு என்றது. வகுப்பே குண்டூசியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. புயலும்தான்.

அம்மா சளைக்கவில்லை. இன்னொரு நீளக் கம்பியைக் கொண்டுவந்து இன்னும் ஆழமாக இறக்கி, குழிக்குள் ஏற்கெனவே இருந்த பழைய கம்பியோடு இணைத்தார். எண் மூன்றுக்கு வந்தது.

அடுத்த வாரம் அறை திறந்தது. வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. புயல் இரண்டு கைகளையும் விரித்து எல்லோரையும் மறித்தாள்.

“நம்மள ஒரு வாரம் காக்க வச்ச மகாராணி எங்கே? அவதான் முதல்ல!”

பிடித்து உள்ளே தள்ளினாள். குண்டூசி கணினியின் இரும்புப் பெட்டிமேல் இடது உள்ளங்கையை நன்றாகப் பதித்துக்கொண்டு, வலது கையால் ஸ்விட்சைப் போட்டாள்.