காந்தம் ஒட்டாத இடம்

தூசுக்கு அடியில் சாக்பீஸ் கோடு இருந்தது.

பத்தொன்பது வருஷமாகக் கொட்டகையில் நின்ற காரின் பின்பக்கத் தகட்டை வெர்லின் உள்ளங்கையால் துடைத்தான். பல வருஷத் தூசு, கோதுமை உமியும் எலிப்புழுக்கை வாடையும் கலந்து தவிடு மாதிரி மெத்தென்று படிந்திருந்தது. ஒரே பட்டையாக உரிந்து வந்தது. அடியில் கறுப்பு பெயின்ட். பெயின்டின் மேல் ஒரு வெள்ளை வட்டம். அவனுக்கு முன்னாலேயே யாரோ ஒருத்தன் இங்கே காந்தம் வைத்துப் பார்த்திருக்கிறான்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பழைய கார் வாங்கப் போகிறவன் பையில் காந்தம் இருக்கும். இரும்பென்றால் ஒட்டும். ஈயம் ஊற்றிச் சரிசெய்த இடமென்றால் வழுக்கும். வழுக்குகிற இடத்தில் வட்டம் போட்டு, கடைசியில் வட்டங்களை எண்ணி விலையைக் குறைப்பார்கள். ஆனால் இது முப்பத்துநாலாம் வருஷத்து கூப், இரண்டு பேர் உட்காரும் சின்ன கார். கூரையை யாரும் அறுக்கவில்லை. துரு இல்லை. கான்சாஸ் முழுக்கச் சலித்தாலும் இன்னொன்று கிடைக்காது. வந்து பார்த்தவன் ஏன் விட்டுவிட்டுப் போனான்?

முன்பக்கம் ரோஸ்கோ இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். வெர்லினின் தங்கை நோர்மாவின் புருஷன். இருவரும் சேர்ந்து இருபது வருஷமாகப் பழைய கார்க் கூடுகளை வாங்கிப் பெரிய இன்ஜினைத் திணித்து, கூரையைத் தாழ்த்தி, பறக்கிற மாதிரி செய்து ஓட்டுகிறார்கள். இன்ஜின் வேலை ரோஸ்கோவுடையது. தகடு வெர்லினுடையது. சந்தேகமும் வெர்லினுடையது.

விளம்பரத்தைப் பார்த்து ரோஸ்கோ போன் போட்டபோது, விற்கிறவள், ஆர்டிஸ் என்ற எழுபது வயதுக்காரி, ஒருத்தர் மட்டும் கெளம்பி வாங்க என்று சொல்லியிருந்தாள். ரோஸ்கோவுக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. வெர்லினுக்கு உறைத்தது. ஆளைத் தனியாக வரச் சொல்கிறவள் சாமான் விற்கக் கூப்பிடவில்லை என்று நினைத்தான். நோர்மாவும் காலையில் வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள்.

"காரைப் பாத்தா அவருக்குக் கண்ணு தெரியாதுண்ணே. எதுன்னாலும் உள்ள பூந்துருவாரு. நீதான் புடிச்சு வெக்கணும். முழுசா கூட்டிட்டு வா."

டிரெய்லரை நிறுத்தி இரண்டு பேர் இறங்கியதும் ஆர்டிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். வாசல்வரை கூட வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தால் போதும், இன்றைக்கே எடுத்துப் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் பேச்சு. அது சந்தை விலையில் பாதிகூட இல்லை.

திருட்டு வண்டியாக இருக்கும் என்று வெர்லின் முதலில் சேஸிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்த்தான். சரியாக இருந்தது. உடைந்த வண்டியாக இருக்கும் என்று கீழே படுத்துப் பார்த்தான். நேராக இருந்தது.

"மச்சான், இங்க பாரு." ரோஸ்கோ முன்னால் கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். "நெய் மாதிரி சுத்துது."

"பத்தொம்பது வருஷம் நின்ன இன்ஜின் சுத்தாது, மாப்ளே."

"சுத்தலைன்னாலும் அழுவ, சுத்துனாலும் அழுவ. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணையே காந்தம் வெச்சுப் பாத்தவனாச்சே நீ."

அவன் சிரித்துவிட்டு ஸ்பானரால் மட்கார்டை இரண்டு தட்டு தட்டினான். அது அவர்கள் பட்டறைப் பாஷை. காருக்கு அடியில் படுத்திருப்பவன் கத்தினால் சத்தத்தில் கேட்காது. இரண்டு தட்டினால் வெளிச்சம் காட்டு. மூன்று தட்டினால் என்னை வெளியே இழு. ஒருமுறை ஜாக்கி நழுவியபோது ரோஸ்கோ மூன்று தட்டினான், வெர்லின் காலைப் பிடித்து இழுத்தான். அப்புறம் அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

வெர்லின் டார்ச்சை அவனிடம் கொடுத்துவிட்டு, காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி வேலையைத் தொடர்ந்தான். மதிய வெயில் பலகை இடுக்குகள் வழியாகக் கோடு கோடாக இறங்கியது. வெளியே காற்று தகரக் கூரையின் ஒரு முனையைத் தூக்கித் தூக்கி வைத்தது. கதவு. டக். சக்கரத்துக்கு மேலே. டக். பின்னால் டிக்கி மூடி. கார் இரண்டு பேருக்கானது, ஆனால் இந்த மூடியைத் திறந்தால் உள்ளே இன்னும் இரண்டு பேர் வெட்டவெளியில் உட்கார ஒரு இருக்கை இருக்கும். மூடியின் விளிம்பில் காந்தம் வழுக்கியது. ஒரு சாண் தள்ளி வைத்தான். வழுக்கியது.

மிச்சத் தூசையும் துடைத்தான். முதலில் பார்த்த அதே வெள்ளை வட்டம். அதையொட்டி ஒரு நீல வட்டம். கொஞ்சம் தள்ளி மஞ்சள். மூன்று நிறம், மூன்று கை. மூன்று பேரும் இந்த மூடியோடு நின்றுவிட்டார்கள். காரின் வேறு எந்த இடத்திலும் ஒரு கோடு இல்லை.

மூடியின் இடுக்கு முழுக்க ஈயம் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் ஒரே தோல் மாதிரி தெரிய வேண்டும் என்று சிலர் அப்படிச் செய்வதுண்டு. நல்ல வேலை. அவன் பார்த்ததிலேயே நல்ல வேலை. நகத்தை ஓட்டினான். பாதியில் நிறுத்தினான். ஈயத்தை ஊதுவிளக்கால் இளக்கி, மரத்தட்டையால் தடவி, ஆறியதும் அரத்தால் ராவ வேண்டும். அரம் பட்டால் பெயின்டில் கீறல் விழும். இங்கே பழைய பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை; வெளியிலிருந்து யாரும் ராவவில்லை.

டார்ச்சை வாங்கிக்கொண்டு முன் இருக்கைக்குள் புகுந்தான். இருக்கைக்குப் பின்னால் இருந்த அட்டையைக் கழற்றினான். குறுக்கே இரும்புச் சட்டங்கள். கை போகும், தலை போகாது. வெளிச்சத்தைச் செலுத்தினான்.

யாரும் இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை. மூச்சு விட்டான்.

மூடியின் உட்புறத்தில் விளிம்பு முழுக்க ஈயம் வழிந்திருந்தது. அதன் மேல் அரத்தின் கோடுகள், நெருக்கமாக, பொறுமையாக. தரையில் நுனி கருகிய மரத்தட்டை. ஒரு ஊதுவிளக்கு. கொஞ்சம் ராவிய தூள். தூள் பளபளத்தது. ராவிய ஈயம் சில நாளில் மங்கிப்போகும். பட்டறையில் கூட்டுகிறவனுக்குக்கூட இது தெரியும்.

மூடியின் உட்புறத்திலும் வட்டங்கள். வெள்ளை. நீலம். மஞ்சள்.

வெளியே வந்தான். வேண்டாம், கிளம்பு என்றான். ரோஸ்கோ காரணம் கேட்டான். மூடியை உள்ளிருந்துதான் அடைத்திருக்கிறார்கள், உள்ளே ஆளில்லை. அப்படி யாராவது சொன்னால் வெர்லினே நம்பமாட்டான். கிழவி எதையோ மறைக்கிறாள், அவளை ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்றான்.

"கேளு. அந்தக் காந்தத்தைக் குடு, நான் பாக்கறேன். இந்த மாதிரி வண்டி இனிமே நமக்குக் கெடைக்காது, மச்சான்."

கொடுத்தான். பையிலிருந்த சிவப்பு சாக்பீஸையும் கொடுத்தான்.

ஆர்டிஸ் வேலிக்கல்லில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் கையில் வண்டியின் பேப்பர்கள் காற்றில் படபடத்தன. டிக்கியை யார் அடைத்தது என்று கேட்டான். அவள் புருஷனா? யாரை ஏமாற்றப் பார்க்கிறாள்?

"யாரும் அடைக்கலை, தம்பி. வாங்கிட்டு வந்தப்பவே அப்படித்தான்."

"இதுவரைக்கும் எத்தனை பேர் பாத்தாங்க?"

"மூணு தடவை வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டு பேரா." அவள் அவன் தோளுக்கு மேலே கொட்டகையைப் பார்த்தாள். "ஒத்தையா திரும்பிப் போறவன் காரையா எடுத்துட்டுப் போவான்? அதான் ஒருத்தர் மட்டும் வாங்கன்னேன். ரெண்டு பேரா வந்தாத்தான் அப்படி. தனியா அந்தக் கார் பக்கத்துல நான் நாள் பூரா நின்னிருக்கேன், ஒண்ணும் ஆகலை." பேப்பர்களை மடித்தாள். "உங்ககூட வந்தவரு எங்க?"

ஓடினான்.

ஸ்பானர் மட்கார்டின் மேல் இருந்தது. தொப்பி தரையில். கொட்டகையின் பின்கதவு உள்ளிருந்து தாழிட்டபடி.

"மாப்ளே."

கூரையின் முனை எழுந்து விழுந்தது.

மூடியின் விளிம்பில் சிவப்பு வட்டம். வட்டத்துக்கு நடுவில் காந்தம். ஈயத்தின் மேல். ஒட்டிக்கொண்டு.

இழுத்தான். வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து எதுவோ பிடித்திருந்தது.

உள்ளங்கையை வைத்தான். சுட்டது.

முன் இருக்கை. சட்டங்கள். டார்ச்.

காலி.

மரத்தட்டை. ஊதுவிளக்கு. மூடியில் நான்காவதாகச் சிவப்பு வட்டம். வேறு யாரும் இல்லை. கையை முழங்கைவரை விட்டுத் துழாவினான். காற்று மட்டும். வெதுவெதுப்பாக.

அப்புறம் அரம் இழுக்கிற சத்தம் ஆரம்பித்தது.

நீளமாக. அவசரமில்லாமல். ஒரு இழுப்பு. ஒரு இடைவெளி. இன்னொரு இழுப்பு. நல்ல வேலைக்காரன்.

அதற்கு நடுவில், மூடியின் மேல், உள்ளிருந்து.

டக். டக். டக்.

டார்ச்சை அசைக்காமல் பிடித்தான். கை இல்லை. அரம் இல்லை. வெறும் இடுக்கிலிருந்து ஈயத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது, புதுசாக, மாவு சலிக்கிற மாதிரி. மூன்று தட்டுக்கும் மூன்று முறை தூள் தரையில் துள்ளியது.